முதுகால் மோதிய கார்

"புது பிரேக்காம், புது பிரேக்! போட்டுக் குடுத்தவன் உன் தம்பிதானே, அப்போ—"

"யாரோ அறுத்திருக்காங்க அத்தை, நாலு நாளா நான் தொண்டை கிழிய—"

"யாரு அறுப்பா? என் பிள்ளைக்கு எதிரி எங்க இருக்கான்? வீட்டுக்குள்ளயே—"

"என் தம்பி அவரைக் கூடப்பிறந்தவரா நினைச்சுத்தான்—"

"நினைச்சுத்தான் படுக்க வச்சுட்டான்!"

"என்னைக் கொஞ்சம் பேச விடறீங்களா?"

"நீ பேசிப் பேசித்தான் அந்த ஓட்டை டப்பாவை அவன் விக்காம வச்சிருந்தான்!"

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு அரை அடி திறந்தது. ஒரு நர்ஸின் தலை மட்டும் வெளியே வந்து, இருவரையும் முறைத்துவிட்டு உள்ளே போனது. மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள். நான்கு நாளில் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கிளட்ச், வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர். "கிளட்சை விடு, கிளட்சை விடு" என்று கத்தியே பெற்ற பேர் அது. பக்கத்து சீட்டில் தனக்கென்று ஒரு பிரேக் பெடலை வைத்துக்கொண்டு, ஊரார் செய்த தப்பையெல்லாம் தன் காலால் நிறுத்திப் பிழைத்தவர். இப்போது ஸ்கூலும் இல்லை, பெடலும் இல்லை. கால் மட்டும் பழக்கத்தை விடவில்லை. எங்கே எது மோதப் போனாலும் தானாகத் தரையை அழுத்தும், எதுவும் நிற்காது.

அவருடைய முதலாளியம்மா ஜன்னலோரம் நின்றிருந்தார். விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, நசுங்கியது நிஜமா நாடகமா என்று எழுதிக் கொடுக்கும் வேலையில் பதினைந்து வருஷம் இருந்ததால், துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் சர்வேயரம்மா என்றே பேர் நிலைத்துவிட்டது.

மருமகள் அவரிடம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "இன்னிக்குக் காலைல போலீஸ் என் தம்பியைப் பிடிச்சுட்டாங்க, நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க மேடம். 'பிரேக் பிடிக்கல, மெக்கானிக் அரைகுறையா வேலை பார்த்துட்டான்'னு அத்தை எழுதிக் குடுத்திருக்காங்க. உள்ள இருக்கற என் வீட்டுக்காரர் எப்போ கண்ணைத் திறப்பார்னு டாக்டருக்கே தெரியல. அறுத்தவனை இன்னிக்குள்ள பிடிச்சுக் குடுங்க."

"புகார் குடுத்தவங்களே மாத்திச் சொன்னா, நாளைக்கு அவர் வெளியில வர வழியிருக்கு" என்றார் சர்வேயரம்மா.

"நானா? மாத்தியா?" மாமியார் தன் சக்கர நாற்காலியை அரைவட்டம் திருப்பினார். பருத்தி மாதிரி வெளுத்த தலை, இரும்பு மாதிரி குரல். "நீங்கதான் துப்பறியற அம்மாவா? நல்லா அறியுங்க."

"ஒரே ஒரு கேள்விம்மா. வண்டியில எந்தப் பக்கம் அடி?"

"அதை வண்டியையே போய்க் கேளுங்க."

"போலாம் மேடம்" என்று கிளட்ச் எழுந்தார். "வண்டி கொஞ்சம் மரியாதையா பதில் சொன்னாலும் சொல்லும்."

*

காவல் நிலையத்தின் பின்முற்றத்தில், பறிமுதல் செய்த சைக்கிள்களுக்கு நடுவே அந்தக் குட்டிக் கார் நின்றது. வயது இருபது. நீலச் சாயம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. சக்கரங்களுக்குள்ளே மட்டும் புத்தம்புது பிரேக் டிஸ்க்குகள், கிழவிக்குப் போட்ட வெள்ளிக் கொலுசுபோலப் பளபளத்தன.

"முகத்தைப் பாருங்க கிளட்ச்."

"என் முகத்தைவிட நல்லாருக்கு மேடம். ரெண்டு லைட்டும் உசுரோட இருக்கு. பம்பர்ல கீறல்கூட இல்ல."

"பின்னால வாங்க."

பின்பக்கம் கசக்கி எறிந்த காகிதம்போல் உள்ளே போயிருந்தது. இறக்கத்தில், பாலத்துக்கு முந்தைய வளைவில், கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறது.

"பிரேக் பிடிக்காத வண்டி எதால மோதும்?"

"மூஞ்சியால."

"இது?"

கிளட்ச் நசுங்கலைத் தொட்டுப் பார்த்தார். "முதுகால."

கதவைத் திறந்து உட்கார்ந்து பெடலை மிதித்தார். கல்லை மிதித்ததுபோல் நின்றது. பானெட்டைத் தூக்கினார். பிரேக் ஆயில் டப்பாவில் கோடு வரைக்கும் ஆயில் இருந்தது. ஒரு சொட்டு ஒழுகியிருக்கவில்லை.

"அறுத்திருந்தா என் கால் இந்நேரம் தரையில இருக்கும் மேடம். யாரும் அறுக்கல."

"டயர்?"

குனிந்து நான்கையும் தடவிப் பார்த்தார். "முன்னால ரெண்டும் ஒழுங்கா இருக்கு. பின்னால ரெண்டுலயும் உள்ளங்கை அகலத்துக்கு மொட்டை. சுத்தாம உறைஞ்சு நின்னு ரோட்டுல இழுபட்டிருக்கு." எழுந்தவரின் முகத்தில் வாத்தியார்க் களை வந்தது. "பின் சக்கரம் முதல்ல பூட்டிக்கிச்சுன்னா வால் தலையை முந்தப் பார்க்கும். வண்டி பம்பரமாச் சுத்தும். ஸ்கூல்ல சொல்லுவேன், பொண்டாட்டி முன்னால போகும்போது பின்னால திடீர்னு நிக்காதே, அவ திரும்பிப் பார்த்தா நீ காலின்னு."

"ஆக, பிரேக் பிடிச்சிருக்கு. பின்னால அளவுக்கு மீறிப் பிடிச்சிருக்கு." சர்வேயரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, காருக்கு அடியில் படுத்தார். டார்ச் வெளிச்சம் இரண்டு நிமிஷம் அங்குமிங்கும் ஓடியது. "கிளட்ச், பின் அச்சுக்கு மேல ஒரு கம்பி இருக்கு பாருங்க."

"என் முதுகு குனிஞ்சா நிமிராது மேடம். நீங்க சொன்னா நம்பறேன்."

"பின்னால எவ்வளவு சுமைன்னு ஆழம் பார்க்கற கம்பி. சுமை ஏறினா வண்டி தாழும். தாழ்ந்தா இந்தக் கம்பி, பின் சக்கரத்துக்கு பிரேக்கை அதிகமாக் குடுக்கும். சுமை இல்லேன்னா குறைக்கும். சரியா?"

"சரி."

"தம்பி குட்டை ஸ்பிரிங் போட்டு வண்டியையே ரெண்டு அங்குலம் தாழ்த்திட்டார். வளைவுல ஆடாம போகட்டும்னு."

கிளட்சுக்குப் புரிந்துவிட்டது. "கம்பிக்கு அது தெரியாது. எந்நேரமும் பின்னால பாரம் இருக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கும். காலி வயித்தைத் தொப்பைன்னு நம்பிருச்சு. பிரேக்கை அள்ளி அள்ளிக் குடுக்கும்."

"குட்டை ஸ்பிரிங் போட்டா இந்தக் கம்பியையும் மாத்தணும். மாத்தல. பழைய கம்பிதான் இருக்கு."

அக்கா கொடுத்த வேலை தம்பியைக் காப்பாற்றுவது. தோண்டினால் தம்பியின் தலைதான் முதலில் தட்டுப்படுகிறது.

"அப்போ மாமியார் சொன்னதுதான் சரியா மேடம்? அரைகுறை வேலையா?"

"இவ்வளவு சுத்தமா டிஸ்க் மாட்டத் தெரிஞ்ச கைக்கு, இந்தக் கம்பி தெரியாம இருக்குமா?" வெளியே வந்த சர்வேயரம்மா, நசுங்கிய டிக்கி மூடியை நெம்பித் தூக்கினார். உள்ளே காலி. ஆனால் விரிப்பில் துருவேறிய வட்டத் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்று. ஓரத்தில் சாக்கு நார்.

*

லாக்கப்பில் தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. நகக்கண்களில் கிரீஸ் கறுப்பு. கம்பிக்கு வெளியே இரண்டு பேர் வந்து நின்றதும் எழுந்து நின்றான்.

"டிக்கியில என்ன வச்சிருந்தீங்க தம்பி?"

"பழைய சாமான்ங்க. கழட்டினதை ஓனர்கிட்டயே திருப்பிக் குடுக்கறது எங்க பட்டறை வழக்கம். இல்லாட்டி மாத்தாமலே மாத்தினேன்னு சொல்லிட்டான்பாங்க."

"கம்பியை ஏன் மாத்தல?"

தம்பி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "பார்த்துட்டீங்களா?"

"பார்த்தேன்."

"அப்போ அவ்வளவுதான். என் தப்பு. சரியான கம்பி திங்கள்கிழமை வர வேண்டியது. அதுக்குள்ள வண்டியைக் குடுத்தேன் பாருங்க, அங்கதான் எல்லாம். அப்படியே எழுதிக்கங்க."

"மூட்டையை யார் எடுத்தது?"

அவன் கண்கள் நகர்ந்தன. "மேடம், மேற்கொண்டு தோண்டாதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"தோண்டச் சொன்னதே உங்க அக்காதான்."

"போதும்னு தம்பி சொன்னான்னு சொல்லுங்க."

வெளியே வந்ததும் கிளட்ச் மீசையைத் தடவினார். "பூனை வெளியில வந்துருச்சு மேடம். மூட்டையை எடுத்தது அக்கா. தம்பி அவங்களை மறைக்கறான். பாசமலர்!"

"இருக்கலாம்" என்றார் சர்வேயரம்மா. அவர் 'இருக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். ஆறு வருஷத்தில் கிளட்ச் அதைக் கற்றிருந்தார்.

*

"மூட்டையா? படிக்கட்டுக்கு அடியில கிடக்கு" என்று மருமகள் வீட்டைத் திறந்துவிட்டாள். நான்கு நாளாகப் பெருக்காத வீடு. சோபாவில் கணவனின் சட்டை ஒன்று, கழற்றிய வாக்கில், கை மடிப்புக்கூட விரியாமல் கிடந்தது. அதை யாரும் தொடவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

கிளட்ச் சாக்கைப் பிடித்து இழுத்தார். சாக்கு வரவில்லை, அவர்தான் அதன் பக்கம் போனார். "யம்மா! உள்ள யானை ஏதாவது படுத்திருக்கா?"

மூன்று பேரும் சேர்ந்து இழுத்துக் கூடத்தில் கவிழ்த்தார்கள். பழைய ஸ்பிரிங்குகள், ஷாக் அப்சார்பர்கள், இன்ஜினோடு சுழலும் கனத்த ஃப்ளைவீல் ஒன்று, பிறகு சட்டி சட்டியாக பிரேக் டிரம்கள்.

"கிளட்ச், ஒரு காருக்கு எத்தனை பின் சக்கரம்?"

"ரெண்டு. நான் பாடம் எடுத்த காலத்துல. டிரம் பின் சக்கரத்துக்கு மட்டும்தான்."

"டிரம்மை எண்ணுங்க."

எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஆறு. இது காரா, பூரானா?"

"கழட்டினதைத் திருப்பித் தர்ற மெக்கானிக், மூணு காரோட டிரம்மை ஏன் ஒரு வீட்டுக்குக் குடுக்கணும்?"

கிளட்சின் கையிலிருந்த டிரம் மெல்லத் தரைக்கு இறங்கியது. "கனத்துக்கு! பாரம் இருக்குன்னு கம்பி நம்பிக்கிட்டிருக்கு. பாரத்தை நிஜமாவே வச்சுட்டா, நம்பினது சரியாப் போச்சு. பின் சக்கரம் தரையை நல்லாக் கவ்விக்கும், பூட்டாது. புதுக் கம்பி வர்ற வரைக்கும் ஒப்பேத்திட்டான். கெட்டிக்காரப் பய!"

மருமகள் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூட்டையை எடுக்காதேன்னான் மேடம். ஏன்னு சொல்லல. வேலை இன்னும் பாக்கின்னு தெரிஞ்சா அத்தை குத்திக் காட்டுவாங்கன்னு ரோஷம். சனிக்கிழமை அத்தையைக் கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். டிக்கியில நாற்காலி வைக்க இடமில்ல. தம்பிக்கு போன் போட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'அத்தை எங்க உக்காருவாங்க'ன்னான். பின் சீட்லன்னேன். 'நாற்காலி இரும்புதானே'ன்னான். ஆமான்னேன். 'அப்போ சரி, மூட்டையை இறக்கிக்கோ, அவங்க வீட்டுக்கு வந்து இறங்கின உடனே மறுபடி ஏத்திடு'ன்னான்." அவள் நிமிர்ந்தாள். "அவனைக் கேட்டுட்டுத்தான் மேடம் ஒவ்வொரு சாமானா இறக்கினேன். சத்தியமா."

கிளட்ச் கையைத் தட்டினார். "அவ்வளவுதானே! போகும்போது அத்தை, வரும்போது அத்தை. மூட்டைக்குப் பதில் மாமியார். பையன் போட்ட கணக்கு துல்லியம். இதைச் சொன்னா நாளைக்கு—"

பாதியில் நின்றுவிட்டார். வலது கால் தரையை அழுத்தியது.

விபத்து நடந்தபோது காரில் கணவன் தனியாக இருந்தான். அது முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அதை ஆறுதலாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வரும்போது உங்க அத்தை ஏன் வண்டியில இல்ல?" என்று சர்வேயரம்மா கேட்டார்.

"டாக்ஸியில வந்து இறங்கினாங்க. ஏன்னு நான் கேக்கல. நாங்க அவ்வளவாப் பேசிக்கறதில்ல. கொஞ்ச நேரத்துல போன் வந்துருச்சு." மருமகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னைக் காட்டிக் குடுக்கக்கூடாதுன்னு ஜெயிலுக்குப் போறானா என் தம்பி?"

"உங்களை இல்லம்மா. நீங்க கேட்டுட்டு இறக்கினீங்க. அதைச் சொன்னா உங்களுக்குப் பழி வராது, அவருக்கும் பாதி குறையும். ஆனா அதைச் சொன்னதும் அடுத்து ஒரு கேள்வி வரும். பின் சீட்ல இருக்க வேண்டியவங்க ஏன் இல்லேன்னு. அந்தக் கேள்வி அவங்க காதுல விழக்கூடாதுன்னுதான் அவர் வாயை மூடிக்கிட்டிருக்கார்."

"அவனை உள்ள தள்ளினதே அவங்கதானே!"

"ஆமா."

கிளட்ச் ஒரு டிரம்மைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆறு வருஷத்தில் திருடனைப் பிடித்திருக்கிறார், பொய்யனைப் பிடித்திருக்கிறார். இங்கே பிடிப்பதற்கு ஆளே இல்லை.

"சொல்ல வேண்டாம் மேடம்" என்றாள் மருமகள். உடனே, "சொல்லலேன்னா நாளைக்குப் பத்து மணி" என்றாள். அப்புறம், "அத்தை தாங்க மாட்டாங்க" என்றாள். கடைசியில், "எனக்கு ஒண்ணுமே தெரியல, நீங்களே ஏதாவது பண்ணுங்க" என்று தரையில் கிடந்த இரும்பைப் பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

சர்வேயரம்மா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். "எனக்கும் தெரியலம்மா" என்றார். கிளட்ச் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

*

சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிந்து ஆஸ்பத்திரி நடை காலியாகியிருந்தது. மாமியார் மட்டும் கண்ணாடிக் கதவுக்கு நேர் எதிரே நாற்காலியை நிறுத்திக்கொண்டு இருந்தார். மூவரும் வருவதைப் பார்த்ததும், "என்ன, வண்டி பேசிச்சா?" என்றார்.

சர்வேயரம்மா எதிரே உட்கார்ந்தார். "அம்மா, சனிக்கிழமை நீங்க ஏன் டாக்ஸியில வந்தீங்க?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"சும்மா சொல்லுங்களேன்."

"அந்த வண்டியில மனுஷி உக்கார முடியுமா? இவ தம்பி ஏதோ புது ஸ்பிரிங் மாட்டிருக்கானாம். போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகெலும்பு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கை சொல்லுச்சு. 'உன் மச்சான் வண்டியைக் கட்டை வண்டியாக்கிட்டான், இனி அதுல ஏறினா என் பேரை மாத்திக்கறேன்'னுட்டேன். பிள்ளை கெஞ்சினான். 'மெதுவா ஓட்டறேம்மா, ஏறும்மா'ன்னான். நான் பிடிச்ச பிடியை விடல." குரல் சற்றே இறங்கியது. "அப்புறம் அவனே டாக்ஸி பிடிச்சு, நாற்காலியை மடிச்சு ஏத்திவிட்டு, 'முன்னால போ, நான் பின்னாலயே வரேன்'னான். நல்லவேளை நான் அதுல வரல. வந்திருந்தா நானும் போயிருப்பேன்னு பாக்க வந்தவங்க எல்லாம் சொல்றாங்க."

மருமகள் ஓரடி முன்னே வந்தாள். "மேடம், வேண்டாம்."

"என்ன வேண்டாம்?" மாமியாரின் பார்வை ஒவ்வொரு முகமாகப் போனது. கிளட்ச் மட்டும் தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது போதுமாக இருந்தது. "சொல்லுங்க."

சர்வேயரம்மா சொன்னார். கம்பியைப் பற்றிச் சொன்னார். குட்டை ஸ்பிரிங்கையும் சாக்கு மூட்டையையும் போனில் கேட்ட கேள்வியையும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். புதுக் கம்பி வராமல் வண்டியைக் கொடுத்தது தம்பியின் தப்பு என்பதையும் விடவில்லை. 'நீங்கள் இறங்கியதால்' என்று மட்டும் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

மாமியார் அழவில்லை. மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "இது அவனுக்குத் தெரியுமா? லாக்கப்ல இருக்கானே, இவ தம்பி, அவனுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"தோண்டாதீங்கன்னு என்னைக் கும்பிட்டார்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கருவி விட்டு விட்டுக் கூவியது. மருமகள் வந்து நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, அதையெல்லாம் இப்போ யோசிக்காதீங்க. வாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க."

"இரு." மாமியார் அவள் தோள்மேல் கையை வைத்தார், தள்ளவா பிடித்துக்கொள்ளவா என்று தெரியாத மாதிரி. "ஒரு காகிதம் கொண்டா. அவனை விடச் சொல்லி எழுதித் தரேன். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சுன்னு எழுதறேன். காலைல யாராவது கொண்டுபோய்க் குடுங்க."

கிளட்ச் தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். மாமியார் அதை வாங்கவில்லை.

"அந்த மூட்டை எத்தனை கிலோ?"

"எண்பது இருக்கும்" என்று வாய் தவறிச் சொன்னது கிளட்ச்தான்.

மாமியார் தலையசைத்தார். உதடுகள் ஏதோ கூட்டிப் பார்த்தன. பிறகு சர்வேயரம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்துத்தான் இங்க எடை பார்த்தாங்க, நான் ஐம்பத்தொன்பது. இந்த நாற்காலி ஒரு இருபது இருக்கும். நீங்க விவரம் தெரிஞ்சவங்க, பொய் சொல்லாம சொல்லுங்க, அது போதுமா இருந்திருக்குமா?"